காலியாகக் கிடந்த இரண்டு சீரியல் போர்ட்டுகள்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் குட்டிப் பயலும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமா என்று தாங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உடம்பு சௌக்கியம், வீடு சௌக்கியம், மனசு மட்டும் பேயறைந்ததுபோல் கிடக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே தாங்கள் "ஒரு நிமிஷம் மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்பீர்கள். அந்த ஒரு நிமிஷம் மறுநாள் வரைக்கும் நீளும். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது. எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நின்றுகொண்டு படிக்கிற விஷயம் அல்ல.

தாங்கள் அன்போடு அனுப்பி வைத்த புது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தபோது பார்க்கவே லட்சணமாக, ஒல்லியாக, ஒரு எடைக் குறைப்பு நிலையத்துக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. பிறகு அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சீரியல் போர்ட் இல்லை. ஒன்றுகூட இல்லை! பழைய கம்ப்யூட்டரில் இரண்டு இருந்தன, ஒன்பது ஊசிகளோடு, இரண்டு பக்கமும் திருகாணி வைத்து, மாட்டினால் யானை இழுத்தாலும் வராது. ஒன்றில் தராசு, மற்றொன்றில் சீட்டு அச்சடிக்கும் பிரிண்டர். தங்கள் அக்கா நடத்துகிற நிலையத்தின் உயிரே அந்த இரண்டு துளைகளில்தான் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தராசையும் பிரிண்டரையும் சேர்த்து வேலை வாங்குகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தவரே தாங்கள்தானே. அப்படியிருக்கத் துளையில்லாத கம்ப்யூட்டரை அனுப்பியதன் மர்மம் எனக்கு விளங்கவில்லை. போகட்டும். அது இன்றைய குற்றப்பத்திரிகையில் கடைசி வரி.

நிலையத்தில் வேலை நடக்கிற விதத்தைத் தாங்கள் மறந்திருக்கலாம், ஆகவே நினைவுபடுத்துகிறேன். வருகிறவர்கள் முன்னறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்ததைச் சொல்வார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தங்கள் அக்கா இருப்பாள். தராசில் எண் எதுவும் தெரியாது; ஒருவர் அதில் ஏறினதும் அவள் கம்ப்யூட்டரில் அவருடைய பெயரைத் தட்டுவாள், பிரிண்டர் ஒரு சின்னச் சீட்டைத் துப்பும். அதில் எடை, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம், கீழே ஒரு வரி பாராட்டு. அவள் அந்தச் சீட்டைப் பார்க்காமலே நாலாக மடித்துக் கையில் கொடுப்பாள். யாருடைய எடையையும் அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணவனோடு வருகிற பெண்மணிகள் கணவனுக்கே காட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். இந்த ஊரில் அவளை நம்பி வருகிற அத்தனை பேரும் அந்த மடித்த சீட்டை நம்பித்தான் வருகிறார்கள்.

கம்ப்யூட்டருக்குப் போர்ட் சேர்க்க ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவரை எல்லோரும் 'ஆச்சு' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் எந்தச் சாமானையும் தொடுவதற்கு முன்பே "ஆச்சு சார்" என்று சொல்லிவிடுவார். முதலில் யு.எஸ்.பி. துளையில் செருகுகிற ஒரு குட்டி வயரைக் கொண்டுவந்தார். காலையில் தராசு வேலை செய்தது. மதியம் வயரைக் கழற்றிப் பக்கத்துத் துளையில் மாட்டியதும் கம்ப்யூட்டர் அதை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்று சாதித்தது. நான் வேண்டாம் என்றேன். நிலையான ஒன்று வேண்டும், ஆணியடித்த மாதிரி இருக்க வேண்டும் என்றேன். அதற்கு ஆச்சு நாலு சீரியல் போர்ட் உள்ள ஒரு கார்டைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரைத் திறந்து, மதர்போர்டில் அழுத்தினார். கார்டு உட்கார்ந்தது. மூடி உட்காரவில்லை. கார்டின் தகடு உயரம், தங்கள் கம்ப்யூட்டரோ குள்ளம். தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடியே போடாமல், கார்டை உள்ளே நட்டமாக நிற்க வைத்துவிட்டு "ஆச்சு சார், காத்தோட்டமா இருக்கும்" என்றார். இப்போது அது சட்டைக்குப் பட்டன் போடாத ஆள் மாதிரி மேஜையில் நிற்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே கூசுகிறது, ஆனால் அதிர்ச்சி அதிலும் இல்லை.

தராசு ஒன்றில், பிரிண்டர் ஒன்றில் ஏறியாயிற்று. மீதி இரண்டு போர்ட் காலி. தங்களுக்கே தெரியும், எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். ஓய்வு பெறும் வரை ஒரு குண்டூசியைக்கூட வீணாக விட்டவன் அல்ல. நாலு போர்ட்டை வாங்கிவிட்டு இரண்டைச் சும்மா வாய் பிளந்துகொண்டு நிற்க விடுவதா? அப்போதுதான் வாசலுக்கு மேலே தூசி படிந்து கிடந்த மின்னெழுத்துப் போர்டு கண்ணில் பட்டது. நமக்கு முன்னால் அந்த இடத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர் விட்டுவிட்டுப் போனது. "இதை மாட்டினா என்ன?" என்றேன். ஆச்சுவின் முகம் மலர்ந்தது. ஏணி வைத்து ஏறி, துடைத்து, வயரை உள்ளே இழுத்து, நாலாவது போர்ட்டில் மாட்டினார். போர்டு உயிர்பெற்று, மேல் வரியில் சிவப்பாக 'இன்று மட்டும்' என்று காட்டியது. செருப்புக் கடைக்காரர் பதிந்து வைத்தது, அழியவே மாட்டேன் என்றது. "அது உள்ளேயே ஊறிப்போச்சு சார். கீழ் வரியில நம்ம விஷயம் ஓடும், விடுங்க" என்றார் ஆச்சு. போர்ட்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க வேண்டும் என்று தராசிலிருந்து வருகிற வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பழையபடி முதல் போர்ட்டுக்கும் இன்னொன்றைக் காலியாக இருந்த மூன்றாவதுக்கும் கொடுத்து, மூன்றாவதில் வருவதை அப்படியே நாலாவதுக்குத் தள்ளிவிடும்படி ஏதோ செய்தார். சோதனை முடிந்ததா என்று கேட்டேன். "ஆச்சு சார்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து போர்டில் 'வருக வருக' என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சோதனையை நிறுத்திவிட்டுப் போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று எடை பார்க்கிற நாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவராகத் திரைக்குள் போகிறார்கள், மடித்த சீட்டோடு வருகிறார்கள். நான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது கையில் பையோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"சார், எண்பத்தாறுக்கு என்ன குடுக்கறீங்க?"

"எதுக்கு எண்பத்தாறு?"

"அதான் வெளியில போட்டிருக்கீங்களே. இன்று மட்டும் எண்பத்தாறுன்னு."

அவருக்குப் பின்னாலேயே ஒரு அம்மாள் வந்து, "இவர் ரோட்டைத் தாண்டி வர்றதுக்குள்ள அறுபத்தொண்ணு ஆயிடுச்சு. இன்னும் கொஞ்சம் நின்னு பார்த்தா இன்னும் இறங்குமா?" என்று கேட்டார்.

எழுந்து வெளியே ஓடினேன். எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் பேருந்து வருகிற திசையைப் பார்க்காமல் எங்கள் வாசலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். 'இன்று மட்டும்' என்ற வார்த்தைகளுக்குக் கீழே, ஒரு முழ உயரத்துக்கு, சிவப்பாக, எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்று நாலு புள்ளி மூன்று. நின்றது. உள்ளே அந்த நேரத்தில் தராசில் யார் நின்றார் தெரியுமா? உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். பேருந்து நிறுத்தத்தில் நின்றது யார் தெரியுமா? அவரிடம் படிக்கிற பிள்ளைகள். சார் உள்ளே போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு நொடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். நன்றாக, மனதாரக் கை தட்டினார்கள்.

வாத்தியார் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மேலே பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் அதே தொண்ணூற்று நாலு புள்ளி மூன்று. திரும்பி, முன்னறையைத் தாண்டி, திரையைத் தாண்டி, எங்கள் சமையலறை வழியாகப் பின்வாசலில் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததாம். போகிற போக்கில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு நல்ல மனுஷர். அவருக்கா இந்தக் கதி?

போர்டை அணைக்க ஓடினேன். சுவிட்ச் வாசலுக்கு மேலே, போர்டுக்கு முதுகில் இருக்கிறது. ஏணியை ஆச்சு எடுத்துக்கொண்டு போயிருந்தார். போன் செய்தேன். "ஆச்சு சார், வந்துட்டேன் சார்" என்றார். பின்னணியில் இலை போட்டுப் பரிமாறுகிற சத்தம் கேட்டது. நான் தலைகால் புரியாமல் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கையில், திரைக்கு அந்தப் பக்கம் வங்கி மேலாளர் அம்மாள் தராசில் ஏறி இறங்கியே விட்டார். இரண்டு மாதம் முன்பு சேர்ந்தவர். மெதுவாகப் பேசுகிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே எதையும் கேட்கிறவர். சீட்டைப் பிரித்துக்கொண்டே சந்தோஷமாக வெளியே வந்தவர், எல்லோரும் மேலே பார்ப்பதைப் பார்த்து அவரும் மேலே பார்த்தார். போர்டில் எழுபத்தொன்று புள்ளி நாலு. கையில் இருந்த சீட்டில் அறுபத்தொன்பது புள்ளி இரண்டு.

இந்த இடத்தில் தெரு பார்த்துவிட்டதே என்று அவர் கதறியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவர் கதறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். "சார், இதுல எது சரி?" என்றார்.

யாரிடம் கேட்கிறார் பாருங்கள்! தராசும் படியுமே வாழ்க்கையாக இருந்தவனிடம். எனக்கு அதிர்ச்சி பறந்துபோய் உத்தியோகக் குரல் வந்துவிட்டது. "அம்மா, உள்ள இருக்கிற தராசு நான் என் கையால சோதிச்சது. அது பொய் சொல்லாது. தப்பு இந்தப் போர்டுலதான். இப்பவே நிரூபிக்கிறேன்" என்றேன். நேரே படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து என் இருபது கிலோ சோதனைக் கல்லை இழுத்தேன். ஆபீசில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து இத்தனை காலமாகத் துணி சுற்றி வைத்திருக்கிறேனே, அதே இரும்புக் கல். மூச்சு வாங்க, முதுகு பிடித்துக்கொள்ள, அதைத் தூக்கிக்கொண்டு போனேன். திரையை விலக்கி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் தெரிகிற மாதிரிக் கட்டி வைத்தேன். "எல்லாரும் பார்த்துக்குங்க" என்றேன். தங்கள் அக்கா, "வேணாங்க, சொன்னாக் கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. கல்லைத் தராசில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பொத்தானை நானே அழுத்தினேன். திரையில் வங்கி அம்மாளின் பெயரே இருந்தது. சோதனைதானே, அதனால் என்ன என்று விட்டுவிட்டேன்.

வெளியே போர்டில் இருபது புள்ளி பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பிசகில்லை. கூட்டம் தலையாட்டியது. பிரிண்டர் சீட்டைத் துப்பியது. நான் அதை எடுத்து, வாசற்படியில் நின்று, நீதிமன்றத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தேன்: "பதினேழு புள்ளி எட்டு கிலோ. ஒரே வாரத்தில் ஐம்பத்தொன்று புள்ளி நாலு கிலோ குறைத்திருக்கிறீர்கள். சபாஷ்! உங்கள் விடாமுயற்சி வீண்போகவில்லை. இப்படியே தொடருங்கள்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது எனக்கு உறைத்தது. வந்த பேருந்தில்கூட யாரும் ஏறவில்லை. என் வீட்டுத் தராசு. என் மனைவியின் சீட்டு. இருபது கிலோ அரசாங்க இரும்புக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தள்ளுபடி, அதற்கு மேல் ஒரு சபாஷ். வங்கி அம்மாள் தன் சீட்டை மேஜையில் மெல்ல வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மானம் அன்றைக்குக் கப்பலேறியது, அந்தக் கப்பலை நானே தள்ளிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு தங்கள் அக்காவைக் கேட்டேன். "என்ன கணக்கு இது? இருபது கிலோ இரும்பு எப்படிப் பதினேழே முக்கால் ஆகும்?"

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இரும்புக்கு நிஜத்தைச் சொன்னாத் தாங்கும். மனுஷங்க தாங்க மாட்டாங்க" என்றாள்.

"அதுக்காகப் பொய் எடையா?"

"முதல் வாரம் நிஜத்தைச் சொன்னா அடுத்த வாரம் வரவே மாட்டாங்க. உடம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காதுங்க, மனசு அவ்வளவு நாள் காத்துக்கிட்டும் இருக்காது. அதனால ஆரம்பத்துல கொஞ்சம் குறைச்சுக் காட்டுவேன். அந்தச் சந்தோஷத்துல ரெண்டு தெரு கூட நடப்பாங்க. நிஜமாவே குறைய ஆரம்பிச்சதும், நான் குடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி எடுத்துடுவேன். கடைசியில எல்லாருக்கும் சரியான எடைதான் சீட்டுல வரும். வாத்தியாருக்கு வரலையா?"

"பேருக்குப் பேர் வேற வேற தள்ளுபடியா? இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு செஞ்சு குடுத்தது?"

"தம்பிதான். நான் கேட்டேன், செஞ்சு குடுத்தான்."

மைத்துனரே! மனசு பேயறைந்ததுபோல் கிடக்கிறது என்று மேலே எழுதியது இதற்காகத்தான். நீங்களா? என் வீட்டில் சாப்பிட்டு, என் சைக்கிளில் கல்லூரிக்குப் போய், "மாமா மாதிரி நேர்மையா இருக்கணும்"னு எல்லோர் முன்னாலும் சொன்ன நீங்களா? இல்லை, இனிமேல் உனக்குத் 'தாங்களும்' கிடையாது, 'நீங்களும்' கிடையாது. ஏண்டா, உனக்கு எப்படிடா மனசு வந்தது? தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டி வைத்த மளிகைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தவன் நான். அவர் அழுதார், நான் அசையவில்லை. ஒரு கிராம் என்றாலும் ஒரு கிராம்தான் என்றேன். அப்படிப்பட்டவன் தினமும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, திரைக்குப் பின்னால், பேருக்கு ஒரு பொய்யாக அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதை எழுதிக் கொடுத்தவன் என் சொந்த மச்சினன். நான் வாசலில் உட்கார்ந்து "வாங்க, வாங்க" என்று ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

என்னையே எடுத்துக்கொள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் காலையில் நடந்துவிட்டு வந்து அந்தத் தராசில் ஏறுகிறேன். ஒரு வாரம் தவறாமல் குறைந்துகொண்டே வருகிறேன். நிலையத்தின் மிகப் பழைய உறுப்பினர் நான், ஆகவே உன் அக்கா சொன்ன அதே கணக்குப்படி எனக்குக் கொடுத்த தள்ளுபடி, அப்படி ஒன்று இருந்திருந்தாலும், எப்போதோ திரும்பி வந்திருக்கும். என் சீட்டு சுத்தமான சீட்டு. கால்சட்டைகள் இறுகுவதற்குச் சலவைக்காரர் காரணம். கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருக்குகிறார். நானும் ஆள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், எல்லோருமே அப்படித்தான் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது என்னவென்றால், நிஜத்தைப் பார்த்து நிஜமாகவே இளைக்க முடியும் என்பதற்கு நான் சாட்சி. பிறகு எதற்கு இந்தப் பித்தலாட்டம்?

ஆகவே என் கட்டளை இது. இந்தக் கடிதம் கிடைத்ததும் அங்கிருந்தபடியோ இங்கே வந்தோ, அந்தப் புரோகிராமில் உள்ள அத்தனை பேருடைய தள்ளுபடியையும் அடியோடு நீக்கு. ஒருவர் பாக்கியில்லாமல். சலுகை கிடையாது, விதிவிலக்கு கிடையாது. இதைச் சொன்னதற்கு உன் அக்கா, "அப்படின்னா நிலையத்தை மூடிடறேன்" என்றாள், மூடியும் விட்டாள். அன்றிலிருந்து ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. அவள் என்னிடம் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. தராசின் மேல் துணி போர்த்திவிட்டு, மத்தியானம் முழுக்க அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கு நெஞ்சு என்னவோ செய்கிறது. ஆனால் நான் இறங்கி வர முடியாது. நிலையம் திறப்பதும் மூடிக்கிடப்பதும் நீ அந்தப் பொய்யை எடுப்பதில்தான் இருக்கிறது. போர்டை மறுநாளே கழற்றியாயிற்று. ஆச்சு வந்து கழற்றினார், கழற்றுவதற்கு முன்பே ஆச்சு என்றார்.

மற்றபடி உன் மனைவிக்கு என் அன்பு. குட்டிப் பயலுக்கு என் முத்தம், அவன் வளர்ந்து ஒரு துளிக்கூடப் பொய் சேராத மனுஷனாக வர என் ஆசி. உனக்கும் ஆசிதான், வேறு வழியில்லை, உறவாகிவிட்டாய்.

இப்படிக்கு,
இன்னும் பிளந்த வாய் மூடாத,
உன் அக்காவின் கணவர்

பி.கு.: மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் சில காரியங்கள் நடந்துவிட்டபடியால் இதைச் சேர்க்கிறேன். காலையில் வங்கி அம்மாள் வந்து ஷட்டரைத் தட்டினார். நான்தான் பாதி தூக்கினேன். குனிந்து வாசலுக்கு மேலே பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சா? நல்லது" என்றார். பிறகு தங்கள் அக்காவிடம், "வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் யோசிச்சேம்மா. எனக்கு அந்தச் சீட்டே பழையபடி குடுத்துடுங்க. நிஜம் வேணும்னா நானே கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். தங்கள் அக்கா அவரைத் தராசில் ஏற்றி, சீட்டை நாலாக மடித்துக் கொடுத்தாள். என்ன எழுதியிருந்ததோ, அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும், மேஜை மேல் கிடந்த இந்தக் கடிதத்தைத் தங்கள் அக்கா எடுத்து ஆரம்பத்திலிருந்து படித்தாள். நான் தடுக்கவில்லை. என் சீட்டு சுத்தமான சீட்டு என்று எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் திருப்பி எடுத்துட்டேங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் முடியல. அவருக்கு மட்டும் மாசா மாசம் கூட்டிக்கிட்டே போக வேண்டியிருந்துச்சு" என்றாள்.

யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ரிட்டயர் ஆன புதுசுல நீங்க எப்படி இருந்தீங்க, ஞாபகம் இருக்கா? காலையில குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு, நாற்காலியில உட்கார்ந்து சுவத்தையே பார்த்துக்கிட்டிருப்பீங்க. ஒருத்தரும் தேடி வரல. ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அந்தச் சீட்டுல சபாஷ்னு வந்த அன்னிக்குத்தான் நீங்க முதல்முதலா எழுந்து நடக்கப் போனீங்க. அதை நான் எப்படிங்க திருப்பி எடுப்பேன்?"

இருபது கிலோ கல் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. தராசும் அங்கேதான் இருந்தது. நான் கல்லுக்குத் துணியைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் உத்தியோகத்தில் சந்தேகப்பட்ட ஒரு தராசைச் சோதிக்காமல் விட்டது இதுவே முதல் தடவை. நிலையம் திறந்தாயிற்று. தாங்கள் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மேலே 'ஏண்டா' என்று வருகிற இடங்களையும் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு சின்னத் திருத்தம் மட்டும், தங்களுக்கு நேரம் இருந்தால். என் சீட்டில் சபாஷ் என்று வருவதற்கு முன்னால், என் பெயருக்குக் கீழே 'எடை அளவு ஆய்வாளர் - ஓய்வு' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? சீட்டு குறுகலானது, எனக்குத் தெரியும். இடம் போதாவிட்டால், 'ஓய்வு' என்பதை விட்டுவிடலாம்.